கூரை வேலை

அத்தியாயம் ஒன்பது

கால் கடல் முடிந்துவிட்டது. அரைக் கடலும் முடிந்துவிட்டது. நேற்று ராத்திரி படுத்து எழுந்தது முக்கால் கடலில். பாக்கி இருந்தது முழுக் கடல் ஒன்றுதான்.

அந்த ஒன்றை நினைத்துத்தான் அவளுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கடலை இப்படிப் பங்கு போட்டது அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம் ஜன்னல் இல்லாத குழிகளில், இரும்புக் கயிற்றுக்கும் கிரீஸுக்கும் நடுவே நின்று வேலை பார்த்த மனிதர். அதனாலோ என்னவோ, விடுமுறைக்கு எங்கே அறை தேடினாலும் படுக்கையைப் பற்றிக் கேட்கமாட்டார், வெந்நீரைப் பற்றிக் கேட்கமாட்டார். போனில் ஒரே கேள்விதான்: "ஜன்னலைத் திறந்தா கடல் எவ்வளவு தெரியும்?" பதிலை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்வார். கால். அரை. முக்கால். முழுசு. "கால் கடல்னா என்னப்பா, கால் நனையற அளவா?" என்று மகள் சின்ன வயதில் கேட்டது, அந்த வீட்டில் இருபது வருஷமாகப் பழசாகாமல் ஓடிக்கொண்டிருந்த ஜோக்.

போன வருஷம் இலையுதிர் காலத்துக்கென்று நாலு அட்டை எழுதினார். கூட்டம் ஓய்ந்த பிறகு, கடற்கரைச் சாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கூடுதலாகக் கடலைப் பார்ப்பது என்று திட்டம். போகவில்லை. நவம்பர் பதினொன்றாம் தேதி, ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்த மோட்டார் அறையில், கையில் ஸ்பானரோடு, உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

இந்த வருஷம் மகள் அதே நாலு அட்டைகளை எடுத்து வரிசைப்படுத்தி, வாடகைக் கார் எடுத்துவிட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. லைசென்ஸ் வாங்கி நாலே மாதம். சின்ன வயதிலிருந்தே வீட்டுச் சண்டைகளுக்குத் தீர்ப்புச் சொல்லிச் சொல்லி 'ஜட்ஜம்மா' என்று பெயர் வாங்கியவள். பக்கத்து ஸீட்டில் அவளுடைய சித்தப்பா. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய பள்ளிக்கூடக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இந்தக் காரில் கிடையாது. ஆனாலும் எதிரே லாரி வந்தால் அவருடைய வலது கால் தரையை மிதிக்கும்.

"அங்க பிரேக் இல்ல சித்தப்பா."

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே."

பின் ஸீட்டில் தாய். நாலாவது அட்டையைப் புறப்படும் முன்பே கைப்பையில் ஒளித்து வைத்திருந்தாள். போன அத்தியாயத்தில் பார்த்தபடி, மாத்திரை தேடின மகளின் கையில் அது சிக்கியது. "இது ஏன்மா இங்க இருக்கு?" என்றதற்கு, பத்திரமா இருக்கட்டுமேன்னுதான் என்று சொல்லி வைத்தாள். சொன்னது ஒன்று, காரணம் வேறு. இந்த ஒரு வருஷமாக அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

போன அக்டோபரில் நடந்தது இதுதான்.

அவள் வேலை பார்ப்பது காலண்டரும் டைரியும் அடிக்கிற அச்சகத்தில். புரூஃப் பார்க்கும் வேலை. அதற்கு முந்தின வருஷம் ஒரு காலண்டரில் நவம்பருக்கு முப்பத்தோராம் தேதி வந்துவிட்டது. நாற்பதாயிரம் பிரதி. திருத்தினது அவள் இல்லை என்றாலும் தலை குனிந்தது எல்லோரும்தான். அதனால் அந்த அக்டோபரில் யாருக்கும் லீவு கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அவரிடம் போய் நாலு நாள் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கணவரிடம் போய், வரமுடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. இல்லை என்கிற சொல்லை ஆயிரம் பக்கங்களில் திருத்தியிருக்கிறாளே தவிர, தன் வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

அக்டோபர் பதினாறு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், புரூஃப் அறையின் மூலையில் இருந்த போனிலிருந்து முழுக் கடல் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாள். அது ஒன்று இல்லாவிட்டால் மற்ற மூன்றுக்கும் அவர் கிளம்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அந்த அம்மா சீசன் முடிந்ததும் வீட்டைப் பூட்டுகிறவர். இவர்களுக்காகத்தான் திறந்து, மெத்தைகளை வெயிலில் போட்டிருக்கிறாராம். "ஏன், என்ன ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வேலை என்கிற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெயிலில் கிடக்கிற மெத்தைகளுக்கு முன்னால் அது ரொம்பச் சின்னதாகப் பட்டது.

"வீட்ல ஒரு துக்கம்," என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னது வேறு. அந்த அம்மா போன் பண்ணாங்க, கூரையில வேலை நடக்குதாம், இந்த வருஷம் யாரையும் தங்க வைக்கலையாம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை எடுத்து, 'கூறை வேலை. அடுத்த வருஷம்' என்று எழுதினார். அவருக்கு ர, ற இரண்டும் கல்யாணமான நாளிலிருந்தே தகராறு. அவள் கை தானாகச் சிவப்புப் பென்சிலை எடுத்தது. "கூறைன்னா புடவை. தலைக்கு மேல இருக்கிறது கூரை," என்று சொல்லி, அடித்து, மேலே 'ர' போட்டாள்.

தான் சொன்ன பொய்யில் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தின மனுஷி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் சாப்பிடும்போதெல்லாம் விசாரிப்பார். கூரை வேலை எப்படிப் போகுதாம்? ஓடு வந்து இறங்கணுமாம் என்பாள். இன்னொரு நாள், ஓடு வந்துதாமா? வந்துச்சாம், தச்சருக்குத்தான் காய்ச்சலாம். "பாவம், மாத்திரை போட்டுக்கிட்டாராமா?" என்று கேட்டார் ஒரு நாள். மகள் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள்.

இருபத்தாறாம் நாள் மோட்டார் அறையிலிருந்து ஆள் வந்தபோது, அவளுக்கு முதலில் அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. தான் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. வாய் முகூர்த்தம் என்பார்களே. அவள் படித்தவள், அதையெல்லாம் நம்பாதவள். நம்பாதவர்களுக்கும் வாய் என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மகள் அழுதுகொண்டே ஒன்றைச் சொன்னாள்: "அந்தக் கூரை மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, அப்பா ஒரு தடவையாவது முழுக் கடலைப் பார்த்திருப்பார்." ஒரு வருஷமாக அந்தக் கூரையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். தாய் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு அந்தக் கூரையின் கீழே போய்ப் படுக்க வேண்டும்.

*

காலையில் முதல் வேலையாக அவள் முக்கால் கடல் வீட்டுக்காரரைத் தேடிப் போனாள். அவர் மாடிப்படி விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு ராத்திரி இங்கேயே இருக்கலாமா என்று கேட்டாள். மத்தியானம் தண்ணீர்க் குழாயை அடைக்க ஆள் வருகிறார், இனிமேல் வசந்தத்தில்தான் என்று சொல்லிவிட்டுச் சுருட்டின விரிப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாலையில் எங்கே பார்த்தாலும் அதே கதை. 'அறை உண்டு' பலகைகள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. சிலவற்றுக்குச் சாக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். மரங்கள் பாதி இலையை உதிர்த்துவிட்டு, மீதியை என்ன செய்வது என்று யோசிப்பது போல நின்றன. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பலகை பலகையாகப் படித்துக்கொண்டே வந்தாள். புரூஃபில் பிழை தேடுகிற கண் அது. சாக்குக்குள் இருப்பதையும் படித்துவிடும்.

"அதோ, அந்த வீட்ல கேட்டுப் பாக்கலாமே," என்றாள்.

"ஏம்மா? நமக்குத்தான் அப்பா இடம் பார்த்து வச்சிருக்காரே."

"அங்க கூரை இன்னும் முடியலைன்னா? கையில ஒண்ணு வச்சுக்கலாம்னுதான்."

மகளுக்கு அது நியாயமாகப் பட்டது. வண்டியை ஓரம் கட்டினாள். மாஸ்டரின் கால் ஒரு மிதி மிதித்து அதை ஆமோதித்தது.

முதல் வீட்டில் ஒருவர் ஏணியில் நின்று ஜன்னல் சட்டத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். இறங்காமலே, மார்ச்சில் வாங்க என்றார். இரண்டாவது, சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரே கட்டில். நான் கீழே படுத்துக்கறேன் என்றார் கொழுந்தன். நீங்க கீழே படுத்தா சாப்பாட்டுக் கடையில இருக்கிறவங்க எல்லாம் எந்திரிச்சு ஓடுவாங்க சித்தப்பா, அந்தக் குறட்டைக்கு, என்று மகள் தீர்ப்பளித்துவிட்டாள்.

மூன்றாவது வீடு கடலை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. சுத்தமான அறை, மூன்று கட்டில், வெந்நீர். மகள் நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். எதிரே சிமென்ட் தண்ணீர்த் தொட்டி ஒன்று, வானத்தையே மறைத்துக்கொண்டு நின்றது.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் அவள்.

"அம்மா, கடலே இல்லம்மா. அப்பா இதுக்குச் சைபர் போட்டிருப்பார்."

"தண்ணி தெரியுதுல்ல?"

"அது தொட்டி."

"தொட்டிக்குள்ளயும் தண்ணிதானே ஜட்ஜம்மா," என்று கொழுந்தன் அண்ணி பக்கம் சேர்ந்துகொண்டார். சேர்ந்துகொண்டவர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

அவள் பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்தேவிட்டாள். வீட்டு உரிமையாளர் வந்து, மூணு ராத்திரியாவது தங்கினால்தான் கொடுப்பேன், ஒரு ராத்திரிக்காக மூணு விரிப்புத் துவைக்க என்னால் ஆகாது என்றார். பெட்டி மறுபடி கீழே இறங்கியது. மூணு ராத்திரியும் இருந்துவிடலாமே என்று அவள் சொன்னதை மகள் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள்.

டீ குடிக்க நிறுத்தின இடத்தில், மகள் டயரைப் பார்க்கப் போனபோது கொழுந்தன் கேட்டார்.

"அண்ணி, உங்களுக்கு அங்க போக இஷ்டமில்லையா?"

அவர் குரல் அண்ணனுடைய குரல். கொஞ்சம் மெல்லியது, அவ்வளவுதான். இவரிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இவர் திட்டமாட்டார். அண்ணன் கேட்ட கடைசி விடுமுறையை நான்தான் கெடுத்தேன் தம்பி என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு எங்கே தொடங்குவது என்று தேடினாள்.

"முட்டி வலி," என்றாள். "படி ஏறணுமேன்னு பாக்கறேன்."

"சரி, நான் பிடிச்சுக்கறேன்," என்றார் அவர். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு அது ஒரு வழக்கம். இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள்.

மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மகள் அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். பின் ஸீட்டில் அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மணி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தாள். மூன்றாம் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

மூணு பேர், ஒரு ராத்திரி, போன வருஷம் லிஃப்ட் வேலை பார்க்கிறவர் பேசியிருந்தாரே என்று மகள் சொல்லிக்கொண்டு போனாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். லைன் கரகரத்து அறுந்தது. போனைக் கீழே வைத்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"லிஃப்ட்காரர் வீடான்னு கேட்டாங்கம்மா. நமக்காகத்தான் வீட்டைத் திறந்து வச்சிருக்காங்களாம். இந்த வாரம் வருவோம்னு அவங்களுக்குத் தெரியுமாம்."

"எப்படித் தெரியும்?" என்றார் கொழுந்தன்.

"லைன் போயிடுச்சு."

மகள் வண்டியைக் கிளப்பினாள்.

*

வீடு சாலையின் கடைசியில் இருந்தது. அதற்குப் பிறகு சாலையும் இல்லை, வீடும் இல்லை. கீழே எல்லாப் பலகணிகளும் சாத்தியிருந்தன. மாடியில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்து, விளக்கு எரிந்தது. ஓடுகள் வரிசையாக, பாசி படிந்து, பல வருஷமாக யாரும் கை வைக்காத அமைதியோடு இருந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். நெடுநெடுவென்று உயரம், கழுத்தில் தொங்குகிற கண்ணாடி, மேலங்கிப் பையில் துணி மாட்டுகிற கிளிப்புகள். தாயையும் மகளையும் பார்த்தார். பெட்டி தூக்கிக்கொண்டு வந்த கொழுந்தனைப் பார்த்து, ஏதோ இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"வாங்க, வாங்க. முதல்ல இதைச் சொல்லிடறேன். கூரை வேலை எல்லாம் பிரமாதமா முடிஞ்சாச்சு. தச்சருக்கும் காய்ச்சல் விட்டுடுச்சு."

அவள் கையிலிருந்த பை நழுவியது.

அந்தத் தச்சர் எங்கேயும் பிறக்காதவர். அவளுடைய சாப்பாட்டு மேஜையில், ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, குழம்பு ஊற்றிக்கொண்டே அவள் உண்டாக்கினவர். அவரைத் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். ஒருவர் போய்விட்டார். இரண்டு பேர் இதோ வாசலில் நிற்கிறார்கள்.

மகளுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. "ஒரு வருஷம் முன்னாடி முடிச்சிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்," என்றாள், கொஞ்சம் சுருக்கென்றே.

வீட்டுக்காரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கொழுந்தனைக் காட்டி, "இவர்தானே..." என்றார்.

"நான் தம்பிங்க."

"அவர் வரலையா?"

"அப்பா போன வருஷம் தவறிட்டார்," என்றாள் மகள்.

"போன வருஷம்னா? எப்போ?"

"நவம்பர் பதினொண்ணு."

அந்த அம்மாவின் கை மேலங்கிப் பைக்குள் போனது. கிளிப்புகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. அவர் மனசுக்குள் நாள் எண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் அதே நாட்களைத்தான் ஒரு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். எண்ணி முடித்து அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"மேல வாங்க," என்றார். "படி செங்குத்தா இருக்கும், பார்த்து."

கொழுந்தன் சொன்னபடியே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்காத முட்டியை வலிக்கிற மாதிரி வைத்து அவள் பதினாலு படி ஏறினாள்.

மாடி அறையில் கடல் முழுசாக இருந்தது. ஜன்னலின் இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டம் வரைக்கும் வேறு ஒன்றுமே இல்லை. மகள் அதன் முன்னால் போய் நின்றவள், ரொம்ப நேரம் திரும்பவே இல்லை. அவள் தோள் குலுங்கியது. கொழுந்தன் பெட்டியை வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெந்நீர் கேட்டுக்கொண்டு வரேன் என்று சொல்லி அவள் கீழே இறங்கினாள்.

*

சமையலறை மேஜையில் ஒரு தகரப் பெட்டி ஏற்கெனவே திறந்து கிடந்தது. வீட்டுக்காரம்மா உட்காரச் சொல்லவில்லை. அவளே உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் போன்ல பேசினது நீங்கதானே?"

"நான்தான்."

அந்த அம்மா சொன்னதெல்லாம் வருத்தமும் எரிச்சலும் கலந்த குரலில் வந்தது. துக்கம் என்று கேட்டதும் மனசு கேட்காமல் அன்றைக்கே இரண்டு வரி அனுதாபம் எழுதி, முன்பதிவு நோட்டில் இருந்த விலாசத்துக்குப் போட்டிருக்கிறார். பத்து நாளில் பதில் வந்ததாம். சாவை வைத்து யாராவது விளையாடுவார்களா என்று முதலில் கோபம்தான் வந்ததாம்.

"அப்புறம் கடைசி வரியைப் படிச்சுட்டுச் சிரிச்சுட்டேன். வருஷம் பூராவும் காத்துக்கிட்டிருந்தேன், உங்களை வாசல்ல நிக்க வச்சுக் கேலி பண்ணலாம்னு. இப்ப நான் யாரைப் பார்த்துச் சிரிக்கறது, சொல்லுங்க?"

அவர் கடிதத்தை மேஜையின் மேல் தள்ளினார்.

அவள் வீட்டுக்கு வர ஆறு மணி ஆகும். காலை ஷிஃப்ட் முடிந்து கணவர் நாலு மணிக்கே வந்துவிடுவார். தபாலை எடுப்பது எப்போதும் அவர்தான். அது ஏன் ஒரு தடவைகூடத் தனக்குத் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டே, பழக்கத்தில் முதலில் தேதியைப் பார்த்தாள். அக்டோபர் இருபத்து மூன்று.

'அம்மா அவர்களுக்கு,

உங்கள் அனுதாபக் கடிதம் கிடைத்தது. நன்றி. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதே நான்தான், அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். என் மனைவிக்கு ஆபீசில் வேலை தலைக்கு மேல். இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. அதனால் யாரையோ சாகடித்துவிட்டாள், கோபிக்க வேண்டாம்.

என்னிடம் உங்கள் வீட்டுக் கூரையில் வேலை நடப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நான் தினமும் விசாரிக்கிறேன். அவளும் சளைக்காமல் சொல்லுகிறாள். இப்போது தச்சருக்குக் காய்ச்சல். அவளாகச் சொல்லுகிற வரைக்கும் நானாகக் கேட்கப்போவதில்லை, எனக்கும் பொழுது போக வேண்டுமே.

அடுத்த வருஷம் இதே வாரத்துக்கு அதே அறையை எழுதி வையுங்கள். நாங்கள் வந்து இறங்கியதும் அவளைப் பார்த்து, கூரை வேலை பிரமாதமாக முடிந்தது, தச்சருக்கும் காய்ச்சல் விட்டது என்று சொல்லுங்கள்.

அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும்.'

அவள் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கடிதம் முழுவதும் இரண்டே இடத்தில் 'கூரை' வந்திருந்தது. இரண்டு இடத்திலும் ர சரியாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக.

அக்டோபர் இருபத்து மூன்றிலிருந்து எண்ணினாள். பத்தொன்பது ராத்திரிச் சாப்பாடு. ஒவ்வொரு ராத்திரியும் அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வா என்று கூப்பிடாமல். அவள் ஓடு அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசி ராத்திரியும் கேட்டார். கூரை முடிஞ்சுதா? அவள் மேஜையில் டிசம்பர் மாதப் புரூஃப் கிடந்தது. தலையைத் தூக்காமலே, இன்னும் கொஞ்சம் இருக்காம் என்றாள்.

"சரி, மெதுவா முடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

"நான் அவரைக் கொன்னுட்ட மாதிரியே ஒரு வருஷமா நடமாடிக்கிட்டிருக்கேன்," என்றாள் அவள், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

வீட்டுக்காரம்மா கெட்டிலை அடுப்பில் வைத்தார். ஆறுதலாக ஏதும் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. "உங்க பொண்ணு வாசல்ல என் கூரையைத் திட்டற மாதிரி பேசுச்சே," என்றார். "நாப்பது வருஷமா ஒரு ஓடு நகரல. அதுக்கு எதுக்குங்க கெட்ட பேரு?"

அவள் கடிதத்தை மடித்தாள். வெந்நீரை மறந்துவிட்டு மாடி ஏறினாள். இந்தத் தடவை முட்டியைச் சாய்க்கவில்லை.

மகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, நாலாவது அட்டையில் அப்பாவின் எழுத்துக்குக் கீழே 'கடல்: முழுசு. பார்த்தாச்சு' என்று எழுதிக்கொண்டிருந்தாள். அழுத கண்ணோடு நிமிர்ந்து, மரச் சட்டம் போட்ட விதானத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"புதுசு மாதிரியே தெரியலையேம்மா. இந்தப் பாழாப்போன கூரைக்கா அப்பாவை வரவேண்டாம்னு சொன்னாங்க?"

அவள் கதவைச் சாத்தினாள். கடிதத்தை அட்டையின் பக்கத்தில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டாள். படிப்பதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும்.

"அவங்க சொல்லல. நான் சொன்னேன்," என்றாள். "இந்தக் கூரைக்கு ஒண்ணும் ஆகல. எப்பவுமே ஒண்ணும் ஆகல."

மகளின் பேனா நின்றது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த கொழுந்தனின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது.